கலைக்கூடமும் ஆசிரியர் கடமையும்

குருவைத் தெய்வத்துக்கு நிகராக மதித்தல் எமது கலைமரபின் பெருமைகளுள் ஒன்றெனப் பேசப்படுவதுண்டு. அம்மரபினுள் வளர்ந்தவள் நான். ஏழு வயதில் தட்டடவோடு தொடங்கிய பரதநாட்டியப் பயிற்சி, கலைப்பீட மாணவியாகிய பின்னரும் என்னை விட்டு நீங்கவில்லை. ஆயினும் அம்மதிப்பே, தீங்கு நேருமிடத்து மாணவியின் வாயைக் கட்டிவிடவும் கூடும் என்பதைச் சென்னைக் கலாக்ஷேத்திரத்தில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்தவை எனக்கு உணர்த்தின.

1936இல் ருக்மிணி தேவி அருண்டேல் நிறுவிய அந்நிறுவனம் எமக்கு அந்நியமானதன்று. இலங்கையிலிருந்து அங்கு சென்று பயின்று மீண்டோர் பலர் இங்கு நடன ஆசிரியராயினர்; என் ஆசிரியைக்குக் கற்பித்தவரும் அவர்களுள் ஒருவர். அத்தகைய இடத்திலே, பாலியல் துன்புறுத்தல் நிகழ்கிறதெனக் கூறி 2023 மார்ச் இறுதியில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். மாநில மகளிர் ஆணையத்தின் தலைவி நேரில் வந்து விசாரித்தார். முன்னாள் மாணவி ஒருவரின் முறைப்பாட்டின்மீது உதவிப் பேராசிரியர் ஒருவர் ஏப்ரில் 3ஆம் திகதி கைதுசெய்யப்பட்டார். ஓய்வுபெற்ற நீதியரசர் ஒருவரின் தலைமையில் விசாரணைக் குழுவும் அமைக்கப்பட்டது. அங்கு முன்னர் பணிப்பாளராயிருந்த லீலா சாம்சன், 2022 டிசெம்பரிலேயே இத்தகைய கொடுமை குறித்து முகநூலில் எழுதியிருந்தமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஏனைய துறைகளினும் நடனத்தில் இச்சிக்கல் கடுமையானது. அரைமண்டியின் தாழ்வையும் தோளின் நிலையையும் ஆசிரியர் தொட்டுத் திருத்துவது வழக்கம். எது திருத்தம், எது அத்துமீறல் என்பதை மாணவி அறிவாள். ஆனால் அதனைப் பிறர்க்கு நிறுவுதல் எளிதன்று. பரீட்சைப் புள்ளி, நாட்டிய நாடகத்திற் பாத்திரம், அரங்கேற்றம், பின்னர் வேண்டப்படும் சிபாரிசுக் கடிதம் யாவும் அதே கைகளில் உள்ளன. இந்நிலையில், "இத்தனை காலமும் ஏன் பேசாதிருந்தாய்?" என்று அவளைக் கேட்பதில் நியாயமில்லை. பேசினால் உடன் நிற்க எவர் இருந்தனர் என்பதே கேட்கப்படவேண்டிய வினா.

அந்நாட்களில் ஒருமுறை என் ஆசிரியையிடம், "டீச்சர், உங்களோடு படிப்பிக்கிற ஒருவர்மேல் இப்படி முறைப்பாடு வந்தால் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். அவர் உடனே விடை கூறவில்லை. தட்டுக்கழியைச் சுவரோரம் சாத்திவிட்டுச் சற்று நேரம் இருந்தார். பின்னர், "அந்த ஆளோடை இருவது வருஷம் ஒரே மேடையிலை நிண்டிருப்பன், பிள்ளை. லேசான காரியமில்லை. எண்டாலும் அந்தப் பிள்ளை முறைப்பாடு குடுக்கப் போகேக்கை தனியப் போகக்கூடாது, நானும் போகவேணும்" என்றார்.

ஆசிரியர் துணைநிற்றல் என்பதன் பொருளை இதனிலும் தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. துணைநிற்றல் தீர்ப்பளித்தலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவர்க்கும் நீதியான விசாரணை உண்டு. ஆனால் விசாரணை நடைபெறும் காலத்தில் மாணவியின் பெயரைக் காத்தல், அவளது பரீட்சையை வேறொருவரிடம் ஒப்படைத்தல், முறையிட்டமைக்காக அவள் வகுப்பையும் மேடையையும் இழக்காது பார்த்தல் ஆகியன சக ஆசிரியர்களாற் செய்யக்கூடியவை. எமது நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அமைந்த 345ஆம் பிரிவு, அதிகாரத்தில் உள்ளோர் புரியும் பாலியல் தொந்தரவையும் குற்றமென்கிறது. சட்டம் இருப்பினும், அதன் வாயில்வரை மாணவியோடு நடந்துவர ஒருவர் வேண்டும்.

"நிறுவனத்தின் பெயர் கெடும்" என்று அஞ்சுவோர் எங்குமுளர். நிறுவனம் என்பது கட்டடமும் புகழும் மட்டுமன்று. அங்கு அஞ்சாது கற்க வந்த பிள்ளைகளே அதன் உயிர். கண்ணகி நீதி கேட்டதை ஆடிக்காட்டக் கற்பிக்கும் ஆசிரியர், தம் மாணவி நீதி கேட்கும்போது முகந்திருப்புவாராயின், அவர் கற்பித்த அபிநயத்துக்குப் பொருள் யாது?