மூச்சைப் பார்த்து மாத்து

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்று டிராம்போன் கலைஞர்கள் முதல் மூன்று பகுதிகளிலும் வாசிப்பதே இல்லை. இருபது நிமிடத்துக்கும் மேலாக மடியில் கருவியோடு காத்திருக்கிறார்கள். நான்காம் பகுதி வெடித்துக் கிளம்பும் நொடியில்தான் அவர்களுக்கு வேலை தொடங்குகிறது. அதைப் படம்பிடிப்பவர்களுக்கும் அந்த நொடியில்தான் பரீட்சை.

சென்னை அரங்கம் ஒன்றில் அந்தப் படப்பிடிப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ஒப்பனை அறைதான் அன்று கட்டுப்பாட்டு அறை. ஆறு கேமராக்களின் காட்சிகளும் ஒரே திரையில் கட்டம் கட்டமாக ஓடின. காட்சிகளை மாற்றும் ஸ்விட்சரில் ஒருவர், கேமராக்காரர்களோடு பேசும் டாக்பேக் மாட்டிய இயக்குநர், அவருக்குப் பக்கத்தில் முழு ஸ்வரத்தாளையும் மடியில் விரித்துக்கொண்டு ஓர் இளம்பெண். பியானோ ஆசிரியை. தாளின் ஓரமெல்லாம் பென்சில் குறிப்புகள்: ‘268, ஓபோ, கேமரா 3.’

கேமராக்காரர்கள் பெரும்பாலும் சபாக் கச்சேரிகளில் பழகியவர்கள். அங்கே பாடகரின் முகத்தையும் தாளம் போடும் கையையும் பார்த்தே தனி ஆவர்த்தனம் வருவதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இங்கே எழுபது பேர் வாசிக்கிறார்கள். அடுத்து யார் என்பதை எந்த முகமும் சொல்லாது. எல்லாம் தாளில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உட்காரவைக்காமல் ஆர்கெஸ்ட்ராவைப் படம்பிடிக்கவே கூடாது என்பேன்.

முதல் பகுதியின் 268ஆம் பார் (தாள அளவு) அதற்குச் சாட்சி. அதுவரை பாய்ந்துகொண்டிருந்த இசை சட்டென்று நிற்க, ஓபோ மட்டும் தனியாக மெல்லப் பாடுகிறது. இதே கட்டம் முன்பு வந்தபோது அங்கே ஓபோ தனியாகப் பாடவில்லை. காதை மட்டும் நம்பியவர் ஏமாறுகிற இடம். அந்தப் பெண் எண்ணத் தொடங்கினார்: “சார், இன்னும் எட்டு பார்ல ஓபோ.” “மூணு, ஓபோகிட்ட போய் நில்லு தம்பி. டைட்டா.” கேமரா 3 நகர்ந்தது, ஃபோகஸ் பிடித்தது. “நாலு... மூணு... ரெண்டு...” கலைஞர் மூச்சிழுத்தார். “டேக்!” ஸ்வரம் பிறக்கும்போது அவர் முகம் திரையில் இருந்தது.

ஸ்வரத்தைக் கேட்ட பிறகு மாற்றினால் தாமதம்தான். கேட்டு, முடிவெடுத்து, பொத்தானை அழுத்தக் கால் நொடி போய்விடும். நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடும் படத்தில் அது ஆறு ஃப்ரேம். “மூச்சைப் பார்த்து மாத்து” என்று ஸ்விட்சர்காரரிடம் இயக்குநர் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான்.

மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காம் பகுதிக்குள் போகிறது. தந்திக் கருவிகள் நீண்ட ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டிருக்க, அடியில் டிம்பனி மெல்ல மெல்லத் தட்டுகிறது. ஐம்பது பார் அளவுக்கு அந்தக் காத்திருப்பு. இயக்குநர் டிம்பனியிலேயே இருந்தார், வெட்டவே இல்லை. பரபரவென்று ஷாட் மாற்றினால் பார்ப்பவரின் காது மூடிக்கொள்ளும். பல இசைப் பதிவுகள் அப்படித்தான் வீணாகின்றன. கேமரா 5 அதற்கு முன்பே டிராம்போன்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. மூவரும் கருவியை உதட்டுக்குக் கொண்டுபோன அசைவிலேயே “டேக்!” பித்தளை ஒலி பாய்ந்தபோது அந்தச் சின்ன அறையில் எனக்குப் புல்லரித்தது.

எடிட்டிங் அறை வேறு உலகம். ஆறு கேமராவும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தன. ஒலிக்கு ஆதாரம் மேடை மைக்குகளின் பதிவு. அரங்கின் பின்னால், 30 மீட்டர் தள்ளி நின்ற கேமராவின் சொந்த மைக்குக்கு ஒலி போய்ச் சேரவே 90 மில்லி நொடி ஆகிறது. அதை வைத்துப் படத்தைப் பொருத்தினால் இரண்டு ஃப்ரேம் பிசகி, வில் ஒரு பக்கம், ஒலி ஒரு பக்கம் என்றாகிவிடும். ஆகவே வில் தந்தியைத் தொடும் ஃப்ரேமைக் கண்ணால் தேடிச் சரிபார்த்தார் எடிட்டர்.

ஒரு ஷாட் சரியில்லையென்றால் வேறு இடத்து வயலின் ஷாட்டை எடுத்து ஒட்டிவிடலாமே என்று கேட்டேன். ஒட்டலாம், ஆனால் வில் மேலே போகவேண்டிய இடத்தில் கீழே இறங்கும். பொதுப் பார்வையாளருக்குத் தெரியாமல் போகலாம். வாசித்தவர்களுக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த அவமரியாதையைச் செய்யக் கூடாது என்பதில் எடிட்டர் உறுதியாக இருந்தார். அந்த உறுதிக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

ஸ்வரத்தாளோடு அந்தப் பெண் எடிட்டிங்குக்கும் வந்திருந்தார். இரண்டாம் பகுதியின் தொடக்க மெட்டை வயோலாக்களும் செல்லோக்களும் சேர்ந்தே வாசிக்கின்றன. திரையில் செல்லோ மட்டும்.

“வயோலா எங்கண்ணே? பாதி மெட்டு அவங்களோடதுதானே?”

“லைவ்ல மாத்தினப்போ செல்லோதான் விழுந்திருக்கு மேடம். இருங்க, ரெண்டாவது கேமராவைப் பார்க்கிறேன்.”

இருந்தது. நான்கு வயோலாக்கள், ஒரே சாய்வில் வில்கள். எடிட்டர் அதை உள்ளே வைத்து, முதலிலிருந்து ஓட்டிக் காட்டினார். அந்தப் பெண் தலையசைத்துவிட்டுத் தாளைப் புரட்டினார்.

“அடுத்தது பசூன். 26ஆவது பாருக்குப் போங்க.”