மாமியாருக்கு மூன்று நாவல்கள்

துக்க வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். சின்னசேலத்தில் அந்த வீட்டுக்கும் அப்படித்தான் வந்தன. கருட புராணம், கந்த சஷ்டி கவசம், மன அமைதிக்கு வழி சொல்லும் ஒரு மெல்லிய புத்தகம். கணவரை இழந்த மாமியார் எல்லாவற்றையும் வாங்கி அலமாரியில் அடுக்கினார். ஒன்றையும் திறக்கவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். மற்ற நேரமெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

மருமகளுக்கு ஒரு விஷயம் நினைவிருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், மக்காச்சோள மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு கட்டு மாத நாவல்கள் கிடைத்தன. "உங்க மாமாவுக்குத் தெரியாம படிச்சதும்மா" என்று மாமியார் வெட்கத்தோடு சிரித்திருந்தார். சேலத்துக்கு ஒரு வேலையாகப் போனபோது, அதை மனதில் வைத்தே மூன்று நாவல்கள் வாங்கி வந்தாள்.

முதலில் கொடுத்தது இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா'. தொண்ணூறுகளில் 'மர்மதேசம்' தொடராகத் தொலைக்காட்சியில் வந்து ஊரையே மிரட்டிய கதை. கிராமத்தில் தப்பு செய்தவர்களைக் குதிரையில் வந்து தண்டிப்பது கருப்புசாமியா, மனிதனா என்பதுதான் முடிச்சு. "இந்த நேரத்துல பேய்க்கதையா? பயந்துக்கப் போறாங்க" என்றான் மகன். மாமியார் இரண்டே ராத்திரியில் முடித்தார். "ஏரிக்கரை அய்யனார் குதிரையும் ராத்திரியில ஓடும்னு எங்கம்மா சொல்லும்" என்றார். துக்கத்துக்குப் பிறகு அவராகப் பேச்சை ஆரம்பித்தது அன்றுதான். சேலத்தில் பிறந்த அந்த எழுத்தாளர் 2024 நவம்பரில் மறைந்துவிட்டார் என்று மருமகள் சொன்னதும், "அவரும் போயிட்டாரா" என்று அட்டையைத் தடவினார்.

அடுத்தது சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. எண்பதுகளில் எழுதிய விஞ்ஞான நாவல். பெயர் இரண்டு எழுத்தைத் தாண்டக் கூடாது, பிள்ளை பெற அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்கிற ஒரு வருங்கால ஆட்சி. ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியும் உண்டு. கதை நடக்கும் காலம் 2021 என்று பார்த்ததும், "அது போயே போச்சே!" என்று சிரித்தார். ஆனால் கதாநாயகி நிலா, காணாமல் போன கணவனைத் தேடும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். தெரியாமல் தப்பான புத்தகத்தைக் கொடுத்துவிட்டோமோ என்று மருமகள் தவித்தாள். மூன்றாம் நாள் அவரே கேட்டு வாங்கினார். "அந்த நாய்க்குட்டி என்னாச்சுன்னு தெரியணுமில்ல?"

மூன்றாவது ரமணிசந்திரன். நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். கோபத்தில் தொடங்கிக் கல்யாணத்தில் முடியும் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்தாலும், கடைசிப் பக்கம் வரை கீழே வைக்க மனசு வராது. இங்கேதான் சிக்கல் வந்தது. பார்க்க வந்த நாத்தனார் புத்தகத்தைப் பறிக்காத குறைதான். "காரியம் முடிஞ்சு மூணு மாசம் ஆகல. காதல் கதை கேக்குதா? ஊரு என்ன பேசும்?"

மருமகள் பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமியார் முந்திக்கொண்டார். "நாப்பது வருசமா ஒளிச்சு வச்சுப் படிச்சேன் அண்ணி. அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரியே இருந்தாரு. மூட்டையை நகர்த்துறப்ப அந்தக் கட்டை மட்டும் நகர்த்த மாட்டாரு." அதற்குமேல் நாத்தனார் எதுவும் பேசவில்லை. இருவரும் வெகுநேரம் அழுதார்கள்.

துக்கத்தில் இருப்பவருக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கும்போது, இந்த நேரத்துக்கு எது பொருத்தம் என்று ஊர் சொல்லும். அவருக்கு முன்பு எது பிடித்தது என்று வீட்டில் இருப்பவருக்குத்தான் தெரியும். அங்கிருந்து ஆரம்பிப்பதே நல்லது.

இப்போது அவர் புதியவற்றுக்கும் வந்துவிட்டார். மனிதர்கள் வேறு கோளுக்குப் போகும் தமிழ்மகனின் 'ஆபரேஷன் நோவா'வைப் படித்துக்கொண்டிருக்கிறார். பிரதிலிபி செயலியில் வரும் காதல் தொடர்களை, எழுத்தைப் பெரிதாக்கிப் போனிலேயே படிக்கவும் பேத்தி பழக்கிவிட்டாள். அடுத்து சேலம் போகும் மருமகளிடம் போன வாரம் ஒரு சீட்டைக் கொடுத்தார்.

"பேய்க்கதை ரெண்டு. ஒண்ணு எனக்கு. ஒண்ணு நாத்தனாருக்கு."