சந்தைக்குப் போகாத செவலை

ஆடி மாதம், விடியற்காலை. பால் கறக்கப் போன அந்த அம்மா கட்டுத்தரையில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். செவலைக்குப் பின்னால் கன்று கிடந்தது. உடம்பில் ரோமம் கூட அடர்ந்து முளைக்கவில்லை. அசைவும் இல்லை. செவலை ஈனுவதற்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது.

ஈரோடு மாவட்டத்தில் ஒன்றரை ஏக்கர் கிணற்றுப் பாசனத்தை நம்பி இருக்கும் குடும்பம் அது. கொஞ்சம் மஞ்சள், மாட்டுக்குச் சோளத்தட்டு, மூன்று கறவைகள். சொசைட்டியில் ஊற்றும் பால்தான் வாரச் செலவுக்குக் காசு. இரண்டு மாடுகள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவை. செவலையை மட்டும் சித்திரையில் சந்தையில் பிடித்து வந்தார்கள். நான்கு மாதச் சினை, இது இரண்டாம் ஈத்து என்று தரகர் சொன்னார். விலை 45,000 ரூபாய். அதில் 30,000 மகளிர் குழுக் கடன்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். பாதி வெளியே தொங்கிய நஞ்சுக்கொடியை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். மஞ்சள் காட்டில் வேலை செய்து வெடித்துப்போன கைகள் அவை. மீதி வரவில்லை. மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து கைவைத்தியம் பார்ப்பவர் வந்து எடுத்துப் போட்டார். நல்லபடியாக ஈன்றிருந்தால் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டியிருப்பார்கள். இது வீசிய கன்று என்பதால் வாய்க்கால் மேட்டில் மேலாகத் தோண்டிப் புதைத்தார்கள். அன்றிரவே நாய் அதைத் தோண்டி வாசல்வரை இழுத்து வந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆறுதலைத்தான் சொன்னார்கள். "சூட்டுல வீசியிருக்கும், அம்மிணி. கவலைப்படாதே. அடுத்த ஈத்து நல்லா ஈனும் பாரு."

அந்த வார்த்தை பொய்யில்லை. ஆனால் அந்த வார்த்தைக்குள்தான் ஆபத்து இருந்தது என்பது அவருக்குத் தெரியவர மூன்று மாதம் ஆயிற்று.

ஆவணியில் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் நன்றாக இருப்பார். பொழுது சாயும்போது குளிர் எடுக்கும். இரவில் துண்டு நனையும் அளவுக்கு வேர்க்கும். இடுப்பிலும் மூட்டுகளிலும் வலி. மாத்திரை சாப்பிட்டால் நிற்கும். பத்து நாள் கழித்துத் திரும்ப வரும். டைபாய்டு என்றார்கள், வைரஸ் என்றார்கள். கிணற்று மோட்டார் போடப் போகக்கூட ஆளுக்குத் தெம்பில்லை. தட்டு அறுக்கவும் பால் ஊற்றவும் அந்த அம்மா ஒருவரே.

ஐப்பசியில் வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான் புதிதாக ஒரு கேள்வி வந்தது. "வீட்டுல மாடு இருக்குங்களா? சமீபத்துல கன்னு ஏதாவது வீசிச்சா?"

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. மாடு கன்று வீசியதற்கும் மனுசனுக்குக் காய்ச்சல் வருவதற்கும் என்ன சம்பந்தம்? ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது: புருசெல்லோசிஸ். கால்நடைத் துறையினர் கன்று வீச்சு நோய் என்று சொல்வது இதைத்தான்.

இதே கேள்வி உலகத்துக்கே பல ஆண்டுகள் புரியாமல் இருந்தது. மால்டா தீவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்துகொண்டிருந்தது. 1887-இல் டேவிட் புரூஸ் என்ற ராணுவ மருத்துவர், இறந்தவர்களின் மண்ணீரலிலிருந்து அதற்குக் காரணமான கிருமியைப் பிரித்தெடுத்தார். அது எங்கிருந்து வருகிறது என்பது 1905-இல்தான் தெரிந்தது. தெமிஸ்டோக்ளிஸ் சமித் என்ற மால்டா மருத்துவர் உள்ளூர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்துக் கண்டுபிடித்தார். அந்த ஆடுகள் எந்த நோவும் இல்லாமல் கொழுகொழுவென்று, வீடுவீடாகப் பால் கொடுத்துக்கொண்டிருந்தன. 1906-இல் சிப்பாய்களுக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தியதும் காய்ச்சல் மளமளவென்று குறைந்தது.

டென்மார்க்கில் பெர்ன்ஹார்ட் பாங் என்ற கால்நடை மருத்துவர் பசுக்கள் கன்று வீசுவதற்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்து 1897-இல் வெளியிட்டார். ஆனால் அதையும் மால்டா கிருமியையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. இரண்டும் நெருங்கிய உறவு என்று 1918-இல் எடுத்துச் சொன்னவர் அமெரிக்காவின் ஆலிஸ் எவன்ஸ். காய்ச்சாத பசும்பாலாலும் ஆபத்து வரலாம் என்று அவர் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. ஆராய்ச்சியின்போது 1922-இல் அவருக்கே அந்த நோய் தொற்றி, பல ஆண்டுகள் விட்டுவிட்டு வாட்டியது. மனுசனுக்கு ஒரு ஆஸ்பத்திரி, மாட்டுக்கு ஒரு ஆஸ்பத்திரி. இரண்டையும் சேர்த்துக் கேள்வி கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. இந்த வீட்டிலும் அப்படித்தான் நடந்தது.

வீட்டுக்காரருக்கு இரண்டு வகை மருந்து, ஆறு வாரம். காய்ச்சல் நின்றாலும் நடுவில் நிறுத்தக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார்.

அடுத்த நாள் கால்நடை மருத்துவர் வந்து மூன்று மாடுகளிடமும் ரத்தம் எடுத்தார். ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரில் ஒரு சொட்டு, இளஞ்சிவப்புச் சோதனை மருந்தில் ஒரு சொட்டு. இரண்டையும் கலந்து நான்கு நிமிடம் பார்க்கிறார்கள். துகள் துகளாகத் திரிந்தால் சந்தேகம் உறுதி. செவலையின் ரத்தம் திரிந்தது. ஆய்வகச் சோதனையும் அதையே சொன்னது. மற்ற இரண்டிலும் இல்லை. ஆனால் தொற்றியவுடனே ரத்தத்தில் தெரியாது என்பதால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும் என்றார்.

"அடுத்த ஈத்து நல்லா ஈனும்னு எல்லாரும் சொன்னாங்களே டாக்டர்?"

"ஈனுங்க. அதுதான் சிக்கலே" என்றார் அவர்.

சினை மாட்டின் கருப்பையிலும் நஞ்சுக்கொடியிலும் எரித்ரிட்டால் என்ற ஒருவகைச் சர்க்கரைப் பொருள் இருக்கிறது. இந்தக் கிருமிக்கு அது விருந்து. அதனால்தான் அங்கே போய்ப் பெருகுகிறது. நஞ்சுக்கொடி கெட்டு, ஐந்தாம் மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஏழாம் மாதம்போல் கன்று விழுகிறது. ஒருமுறை வீசிய மாடு பிறகு சினை பிடித்து, மாதம் நிறைந்து கன்று ஈனுவதே அதிகம். ஆனால் கிருமி போய்விடுவதில்லை. மடியிலும் நெறிக்கட்டிகளிலும் உடம்பின் அணுக்களுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அடுத்த ஈத்தின்போது நஞ்சுக்கொடியிலும் ஈன்றபின் வரும் திரவத்திலும் வெளியேறும், பாலிலும் வரும். மருந்து அங்கே சரியாக எட்டாது என்பதால்தான் இந்த நோய்க்கு மாட்டுக்கு வைத்தியம் செய்யச் சொல்வதில்லை. கன்று வீசியபோது எல்லோருக்கும் பயம் இருக்கும். நல்லபடியாக ஈன்றதும் பயம் போய்விடும், கிருமி மட்டும் இருக்கும்.

இந்தச் சேதி தெரிந்த ஒரே வாரத்தில் தரகர் வந்து நின்றார். "ஊசி போட்டுச் சினை பிடிக்க வையுங்க. நாலு மாசத்துல சந்தையில நிறுத்தினா போட்ட காசு வந்துரும். வீசின மாடுன்னு நெத்தியிலயா எழுதியிருக்கு?"

அந்த அம்மா அன்றிரவு தூங்கவில்லை. குழுக் கடன் இன்னும் பாதிகூட அடையவில்லை. வீட்டுக்காரருக்கு மருந்துச் செலவு. விற்றால் கடன் தீரும். மறுபக்கம், சித்திரையில் செவலையைக் கைமாற்றிவிட்ட வீடும் இப்படித்தான் யோசித்திருக்குமோ என்ற நினைப்பு. அவர்களுக்குத் தெரிந்து விற்றார்களோ, தெரியாமல் விற்றார்களோ. தனக்குத் தெரிந்துவிட்டதே.

காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "ஏனுங்க, இதை விக்க வேண்டாம். இன்னொரு வீட்டு ஆம்பளைக்கு இந்தக் காய்ச்சல் வரவேண்டாம்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "கடனுக்கு மஞ்சள் வரட்டும்" என்றார்.

செவலையைத் தோட்டத்துக் கடைசியில் வேப்பமரத்தடியில் தனியாகக் கட்டினார்கள். தண்ணீர்த் தொட்டியும் தனி. கறவையை வற்ற விட்டார்கள். சினை ஊசி போடவில்லை. சினை இல்லாத மாடு சாணிக்கு மட்டும்தான் உதவும். நஷ்டம்தான். அந்த நஷ்டத்தை யாரும் ஈடு கட்டவில்லை.

வீட்டில் பிறந்த மாட்டின் கிடேரிக் கன்றுக்கு அப்போது ஐந்து மாதம். சரியான பருவம் இது என்றார் மருத்துவர். தேசிய கால்நடை நோய்த் தடுப்புத் திட்டத்தின்கீழ், 2019 முதல், 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு இந்தத் தடுப்பூசியை இலவசமாகப் போடுகிறார்கள். ஆயுளுக்கு ஒருமுறை போதும். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் போடக்கூடாது. இதில் இருப்பது வீரியம் குறைந்த உயிர்க்கிருமி. ஊசி தவறிக் கையில் குத்தினால் மனுசனுக்கே நோய் வரலாம் என்பதால் பயிற்சி பெற்றவர்தான் போடவேண்டும். கன்றின் காதில் 12 இலக்க அடையாள வில்லை மாட்டிப் பதிவு செய்துகொண்டார்கள்.

மருத்துவர் சொன்னதையெல்லாம் அந்த அம்மா இப்போது அக்கம்பக்கத்தில் கேட்பவர்களுக்குச் சொல்கிறார். கன்று வீசினால் வெறுங்கையால் தொடாதீர்கள், கையுறை போடுங்கள். கர்ப்பிணிகள் பக்கத்தில் போகக்கூடாது. வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். தின்ற நாய்க்கும் நோய் தொற்றும். அந்த இடத்து வைக்கோலை எரித்து, தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவுங்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். மாட்டின் ரத்தத்தைச் சோதிக்காமல் சூடு என்று விட்டுவிடாதீர்கள். கன்று வீசிய வீட்டில் யாருக்காவது விட்டுவிட்டுக் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் மாட்டைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

தை மாதம் மஞ்சள் வெட்டினார்கள். வீட்டுக்காரருக்குத் தெம்பு திரும்பியிருந்தது. மற்ற இரண்டு மாடுகளின் இரண்டாம் சோதனையிலும் நோய் இல்லை. மாசியில் இன்னொரு மாடு பார்க்கப் போனபோது, "ரத்தம் சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் பணம். வாங்கினாலும் ஒரு மாசம் தனியாத்தான் கட்டுவேன்" என்றார் அந்த அம்மா. விற்க வந்தவர் சிரித்தார். "மாட்டுக்கு ரத்தப் பரிசோதனையா? பொண்ணு பார்க்க வந்தாக்கூட இதெல்லாம் கேக்க மாட்டாங்க."

அந்த அம்மா சிரிக்கவில்லை. அன்று மாடு வாங்காமலே வீடு திரும்பினார். அடுத்த வாரம் அந்த மாட்டுக்காரரே போன் செய்தார். "ரத்தம் எங்க குடுக்கணும்னு சொன்னீங்க?"