பெயர் இல்லாத பெட்டியும் நம் வீட்டுப் படங்களும்

உங்கள் வீட்டுக் கல்யாணப் படங்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று சற்று யோசித்துப் பாருங்கள். முன்பென்றால் பதில் சொல்லச் சிரமமில்லை. அலுமாரியின் மேல்தட்டில், சாரிகளுக்கு நடுவே, பூ வேலைப்பாடு செய்த மட்டை போட்ட அல்பத்தில் இருந்தன. இன்று அநேக வீடுகளில் அவை கைக்கடக்கமான ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன. பிள்ளைகள் அதைச் சுருக்கமாக ‘ஹார்ட்’ என்கிறார்கள். போனில் இடம் முடிந்ததும் எல்லாவற்றையும் அந்த ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி வைத்துவிட்டு, போனில் உள்ளதை அழித்து விடுகிறோம். அல்பம் வாங்கும்போது மட்டையைத் தடவி, தாளைப் புரட்டிப் பார்த்து வாங்கிய நாம், இந்தப் பெட்டியை வாங்கும்போது பார்ப்பது விலை ஒன்றைத்தான்.

வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்குக் கொம்பியூட்டர் சாமான் என்றால் காலி வீதி வழியே பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாஸா. கொட்டாஞ்சேனைக்காரருக்குப் புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள் கிட்ட. நல்ல கடைகள் நிறைய உண்டு. ஆனால் எந்தச் சந்தையிலும், இப்போது இணைய விளம்பரங்களிலும், கம்பனிப் பெயர் இல்லாத ஹார்ட் டிஸ்க்குகளும் கிடைக்கின்றன. ஒரு வெறும் பிளாஸ்டிக் உறை, ஒரு வயர், அவ்வளவுதான். பெயர் உள்ளதன் பாதி விலை. “என்ன கம்பனி தம்பி?” என்று கேட்டால், “எல்லாம் ஒன்றுதான் ராத்தா, உள்ளே ஒரே சாமான்” என்பார்கள். வொரண்டி கேட்டால், “ஒரு கிழமை செக்கிங் வொரண்டி” என்பார்கள். 2022 ஆம் ஆண்டு டொலர் 200 ரூபா அளவிலிருந்து ஓரிரு மாதத்துக்குள் 350 ரூபாவைத் தாண்டியபோது, புதிய சாமானின் விலையைக் கேட்டே திரும்பி வந்தவர்கள் எத்தனையோ பேர். பாதி விலைச் சாமானை நாடிப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் “எல்லாம் ஒன்றுதான்” என்ற அந்தப் பதிலைச் சற்று உரசிப் பார்க்க வேண்டும். 1956 ஆம் ஆண்டு ஐபிஎம் கம்பனி முதன்முதலில் இத்தகைய ஒரு கருவியை வெளியிட்டபோது, அதற்குள் 50 பெரிய தட்டுகள் சுழன்றன. கொண்டது 5 எம்பி அளவுதான். இன்று நம் போனில் எடுக்கும் ஒன்றிரண்டு படங்களுக்கே அது போதாது. அதன்பின் எத்தனையோ கம்பனிகள் வந்தன, போயின. மக்ஸ்டர் 2006 இல் சீகேட்டிடம் போனது. சாம்சங்கின் ஹார்ட் டிஸ்க் பகுதியும் 2011 இல் அங்கேயே சேர்ந்தது. ஹிட்டாச்சியின் பகுதி 2012 இல் வெஸ்டர்ன் டிஜிட்டலிடம் போனது. இன்று தட்டு சுழலும் ஹார்ட் டிஸ்க்கைச் செய்பவர்கள் உலகத்திலேயே மூன்று பேர்தான்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. அப்படியானால் பெயரில்லாத ஹார்ட் டிஸ்க்கை யார் செய்தார்கள்? ஒருவரும் செய்யவில்லை. அந்த மூவரில் ஒருவர் செய்ததை, பெயர் தெரியாதபடி வேறு யாரோ உறைக்குள் போட்டிருக்கிறார்கள்.

ஏன் அப்படிப் போட வேண்டும்? காரணம் நல்லதாகவும் இருக்கலாம். பழைய லப்டொப்பில் இருந்தோ கண்காணிப்புக் கமெராப் பெட்டியில் இருந்தோ கழற்றியதை ஒரு மலிவு உறையில் போட்டு விற்பது ஒரு தொழில். அது இன்னும் சில வருடம் ஓடவும் கூடும். வேறு விதமானவையும் உண்டு. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் ஒரு விடயம் வெளியானது. புதியவை என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்ட் டிஸ்க்குகள் பல, ஏற்கெனவே 15,000 முதல் 36,000 மணி நேரம் வரை ஓடியவை. சில 50,000 மணி நேரம். ஒரு வருடத்துக்கு 8,760 மணி நேரம்தான் என்பதை நினைவில் வைத்துக் கணக்குப் பாருங்கள். ‘சியா’ என்ற கணினி நாணயத்துக்காக சீனாவில் இரவு பகலாக ஓடி ஓய்ந்தவை அவை என்று சந்தேகிக்கப்பட்டது. ஹார்ட் டிஸ்க் தான் ஓடிய நேரத்தைத் தனக்குள்ளேயே எழுதி வைக்கும். அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கி விட்டிருந்தார்கள். மைல்மீற்றரைத் திருப்பி வைத்து விற்கும் ரீகண்டிஷன் வேன் கதைதான். அதே வருடம் மலேசியாவில், கோலாலம்பூருக்கு வெளியே ஒரு களஞ்சியத்தைச் சோதனையிட்டபோது, இப்படிக் கணக்கு மாற்றி, துடைத்து, புது லேபல் ஒட்டிய ஹார்ட் டிஸ்க்குகள் ஏறக்குறைய 700 அகப்பட்டன.

இதையும் மிஞ்சிய ஒன்று 2011 இல் ரஷ்யாவில் வெளிப்பட்டது. சீன எல்லைப் பக்கம் ஒருவர் மலிவாக வாங்கிய 500 ஜிபி பெட்டியில், படம் போட்டால் கடைசி ஐந்து நிமிடம் மட்டுமே ஓடியதாம். பிரித்துப் பார்த்தால், உள்ளே ஹார்ட் டிஸ்க்கே இல்லை. 128 எம்பி கொண்ட ஒரு சிறிய பென், கனத்துக்காக இரண்டு இரும்பு நட்டுகள். இடம் முடிந்ததும் முதலில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுதும்படி அதைச் செய்து வைத்திருந்தார்கள். ஆகவே கடைசியாக வந்தது மட்டும் தங்கியது. படங்களின் பெயரெல்லாம் வரிசையாகத் தெரியும், திறந்தால் திறக்காது. சிரிக்கத்தான் தோன்றுகிறது, நம் வீட்டுக்கு வராதவரை.

கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் மாமி ஒருவரின் வீட்டுக்கு வந்தது அந்த ரகமல்ல, சாதாரண ரகம்தான். மாமா 1980களில் சவூதியில் வேலை செய்தவர். அப்போது தொலைபேசி அழைப்பு என்றால் கொள்ளைச் செலவு. அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருபவர்களிடம் கொடுத்து விடுவார்கள். உங்களில் பலர் வீட்டிலும் அப்படி வந்திருக்கும். மாமா மௌத்தான பிறகு மாமி ஐந்து கேசட்டுகளை ஒரு பிஸ்கட் தகரப் பேணியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றும் ஸலாத்துடன் தொடங்கும். ஒன்றில், பிறந்த செய்தி கேட்டு, மகளுக்குத் தான் தெரிவு செய்த பெயரைச் சொல்லியிருந்தார். அந்த மகளை அவர் நேரில் கண்டது இரண்டு வயதில்தான்.

நாடாவில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியதும், மருமகன் முறையான ஒரு பையன் நல்லெண்ணத்துடன் ஐந்தையும் கொம்பியூட்டரில் ஏற்றி, பெயரில்லாத ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தான். நோன்புக்கு வீடு துப்புரவாக்கியபோது கேசட்டுகள் குப்பைக்குப் போயின. ஏழு மாதத்தில் அந்தப் பெட்டி ‘டிக் டிக்’ என்று ஒலி எழுப்பி நின்றுவிட்டது. கடையில் பில் இல்லை என்றார்கள். செக்கிங் வொரண்டி முடிந்து மாதங்களாகிவிட்டது என்றார்கள். தரவுகளை மீட்டெடுக்கும் இடத்தில் திறந்து பார்த்து, தட்டுகளே கீறுப்பட்டு விட்டன என்று கையை விரித்தார்கள். பையன் காசைத் திருப்பித் தருகிறேன் என்று தலைகுனிந்து நின்றான். “காசு போனாப் போகட்டும் மகன். அவர்ட ஸலாமும் அதுக்குள்ளதானே ஈந்திச்சி” என்றார் மாமி. அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை.

படம் இழந்த வீடுகள் இந்த நாட்டில் குறைவா? எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையிலேயே 1983 ஜூலையில் அல்பங்களோடு வீட்டை இழந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொல்லப்பட்ட நம் சகோதரிகள், பிள்ளையைத் தூக்குவார்களா, அல்பத்தைத் தூக்குவார்களா? தம் உம்மாவின் முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு படம் இல்லாதவர்கள் புத்தளத்தில் இன்றும் இருக்கிறார்கள். 2004 சுனாமி கிழக்கிலும் தெற்கிலும் மிச்சத்தை வாரிக்கொண்டு போனது. அவை எவையும் நம் கையில் இருக்கவில்லை. இது நம் கையில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பாவித்த சாமான் விற்பது குற்றமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பாவித்தது என்று சொல்லி, பாவித்ததன் விலைக்கு விற்பது ஹலாலான வியாபாரம். குற்றம், சொல்லாமல் விடுவதில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதும், மழை பட்டது என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி ஈரமானதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டதும், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. நாம் எல்லோரும் மத்ரஸாவில் கேட்டதுதான். உறைக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கும் அடியில் ஈரமான குவியல்தான். இத்தொழிலில் நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். இந்தப் பத்திரிகை அவர்கள் வீட்டுக்கும் போகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லலாமே! அதற்கென்ன செலவு?

சென்ற வருடம் பிள்ளைகளின் கார்ட்டூன்களைப் போட்டு வைக்க ஒன்று தேவைப்பட்டது. கடைத் தம்பியிடம், “வாங்குவதற்கு முன் கொம்பியூட்டரில் பூட்டிக் காட்டுங்கள்” என்றேன். ‘கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்று இலவசமான ஒரு புரோகிராம் இருக்கிறது. உறையில் பெயர் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் டிஸ்க்கின் கம்பனி, மொடல், தொடர் இலக்கம், எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை இடங்கள் பழுதாகி ஒதுக்கப்பட்டன என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் தெரியும். 21,000 மணி நேரம் என்று காட்டியது. இரவு பகலாக ஓடினால் ஏறக்குறைய இரண்டு வருடமும் ஐந்து மாதமும். தம்பி சற்று அசடு வழிந்தாலும் மறுக்கவில்லை. விலையைக் குறைத்து, பில்லில் ‘பாவித்தது’ என்று எழுதியும் தந்தார். சந்தோஷமாக வாங்கி வந்தேன். கார்ட்டூன் போனால் மறுபடி கிடைக்கும்.

கணக்கில் பூச்சியம் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள். மேலே சொன்ன ஜெர்மன் கதையை நினையுங்கள். தொடர் இலக்கத்தைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டால் வொரண்டி எதுவரை என்று சொல்லிவிடும். இலக்கமே தெரியாது, காட்டவும் முடியாது என்றால் வந்த வழியே திரும்புவதுதான் மேல். வாங்கிய பின், செக்கிங் வொரண்டி முடிவதற்குள் அதை விளிம்பு வரை நிரப்பி, முதலில் போட்டதும் நடுவில் போட்டதும் கடைசியில் போட்டதும் திறக்கிறதா என்று பாருங்கள். போலியான கொள்ளளவு அப்போது தெரிந்துவிடும். பில்லைக் கேட்டே வாங்குங்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அதிகார சபைச் சட்டம். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது. பில் இல்லாமல் அங்கே போய் என்ன சொல்வது?

பெயருள்ள புது ஹார்ட் டிஸ்க்கும் ஒரு நாள் நின்று போகும், சகோதரிகளே. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமுடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஓடும்போது மேசையில் இருந்து விழுந்தால் போதும். ஆகவே முக்கியமானவை இரண்டு பெட்டிகளில் இருக்க வேண்டும். ஒன்று உங்கள் வீட்டில், மற்றது உங்கள் தங்கை வீட்டிலோ உம்மா வீட்டிலோ. பெருநாளுக்குப் போகும்போது கொண்டுபோய்ப் புதியதைச் சேர்த்துவிட்டு வரலாம். ‘டிக் டிக்’ ஒலி கேட்டால் உடனே கழற்றி விடுங்கள். மறுபடி மறுபடி பூட்டிப் பார்க்கப் பார்க்கத் தட்டு கீறுப்படும். பிரிட்ஜில் வைத்தால் சரிவரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

இன்னொன்று, இது பெண்களுக்கென்றே சொல்வது. நாம் வாங்கும் பழைய ஹார்ட் டிஸ்க் யாரோ ஒருவருடையது என்றால், நாம் கொடுக்கும் பழையதும் யாரோ ஒருவரிடம் போகும். வீட்டுக்குள் முக்காடின்றி எடுத்த படங்கள் அதில் இருக்கும். அழித்துவிட்டோம் என்று நினைப்போம். அழிக்கும்போது போவது பெயர்ப் பட்டியல் மட்டும்தான், படம் அங்கேயே இருக்கும். அமெரிக்காவில் இரண்டு மாணவர்கள் 2000 ஆம் ஆண்டுக்கும் 2002 ஆம் ஆண்டுக்கும் இடையில் பாவித்த ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்தார்கள். ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 தான். மற்றவற்றிலிருந்து 5,000க்கும் மேற்பட்ட கடன் அட்டை இலக்கங்கள் வரை கிடைத்தன. விற்பதற்கு முன் ‘குயிக் போமட்’ என்ற அடையாளத்தை எடுத்துவிட்டு முழுப் போமட் செய்யுங்கள். சில மணி நேரம் எடுக்கும், எடுக்கட்டும். நின்றுபோன ஹார்ட் டிஸ்க்கைப் போமட் செய்ய முடியாது. அதைப் பழைய சாமான் வாங்க வருபவரிடம் அப்படியே கொடுக்காமல், திருகாணிகளைக் கழற்றி, உள்ளே கண்ணாடி போல் மினுங்கும் தட்டுகளைத் துணியில் சுற்றி, முற்றத்தில் வைத்துச் சுத்தியலால் நான்கு போடு போட்டு, அதன் பிறகு கொடுங்கள்.