'இஸ்' என்னும் சொல்லின் பின்

ஆங்கிலம் பயிலத் தொடங்குவோர் முதன்முதற் கற்கும் வினை 'டு பி' என்பதாம். ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் என்னும் அதன் உருவங்களைச் சிறு பிள்ளையும் தடையின்றி ஒப்புவிக்கும். ஆயின் பட்டம் பெற்று வெளியேறினோரும் இடர்ப்படுவது அவ்வினையின் அயலிலேயே என்பதை யாம் பன்முறை கண்டிருக்கின்றோம். இடர் தருவது வினையன்று. அதன் பின் வந்து நிற்கும் சிறு தொடர்களே. இன், ஆன், அட், ஆவ், ஃபார் முதலிய முன்னிடைச்சொற்கள் ஒரு பெயரைத் தழுவிக்கொண்டு 'இஸ்' என்பதன் பின் நிற்குங்கால் எத்துணைப் பொருள்களைத் தருகின்றன என்பதைக் குறித்து ஈண்டுச் சில எழுத விழைகின்றோம்.

முதற்கண் நம் மொழியின் இயல்பை நோக்குவோம். 'அவர் ஆசிரியர்' என்கின்றோம், வினை வேண்டுவதில்லை, பெயரே பயனிலையாய் நின்று வாக்கியத்தை முடிக்கின்றது. 'அவர் அறிவுடையவர்' என்கின்றோம், அங்கும் அஃதே. ஆயின் அவர் இருக்குமிடத்தைக் கூற வேண்டின், 'அவர் வீட்டில் இருக்கிறார்' என வினையொன்றை வருவிக்கின்றோம். ஆங்கிலமோ இம்மூன்றிற்கும் 'இஸ்' என்னும் ஒரே சொல்லை வழங்குகின்றது. யாவர்க்கும் பொதுவாகிய அச்சொல்லிற்குத் தனக்கெனப் பொருள் மிகுதியாக இல்லை. காலத்தையும் எண்ணையும் இடத்தையும் உணர்த்திவிட்டு அது ஒதுங்கிக்கொள்கின்றது. சொல்லவேண்டியதைச் சொல்லும் பொறுப்புப் பின்வருந் தொடரின் தலைமேல் விழுகின்றது.

அத்தொடர் இடத்தைக் குறிக்குமாயின் பெரும்பாலும் தொல்லையில்லை. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் 1856ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒப்பிலக்கண நூலில், திராவிட மொழிகள் பெயர்க்கு முன் வரும் இடைச்சொற்களுக்கு ஈடாகப் பெயர்க்குப் பின் வருவனவற்றையே கொண்டுள்ளன என்பதை எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே 'இன் தி பாக்ஸ்' என்பது 'பெட்டியில்' எனத் தலைகீழாகத் திரும்பி அமைதியாக அமர்கின்றது. 'ஆன் தி டேபிள்' மேசையிலும், 'அட் தி டோர்' வாயிலிலும் அமர்கின்றன. ஆங்கிலம் மூன்று சொற்களாற் பகுத்ததை நாம் 'இல்' என்னும் ஓருருபாற் கூறி, வேண்டுமிடத்து 'உள்ளே', 'மேலே' என விளக்கிக்கொள்கின்றோம்.

இதனால் நம் மொழி நுண்மையிற் குறைந்ததென்று எவரும் எண்ணற்க. 'நூல் பெட்டியில் உள்ளது' என்னும் நாம், 'நூல் ஆசிரியரில் உள்ளது' என்பதில்லை. 'ஆசிரியரிடம் உள்ளது' என்கின்றோம். பொருளுக்கு ஓர் உருபும், மக்களுக்கு மற்றோர் உருபும் வகுத்தது தமிழ். யோவான் எழுதின சுவிசேஷத்தின் முதல் வசனத்தில் 'வாஸ்' என்பதன் பின் 'வித்' வருகின்றது. அதனைத் தமிழாக்கியோருட் சிலர் 'ஓடு' என்னும் உருபை விடுத்து, 'இடத்தில்' என்பதையே கொண்டனர். அத்தகைய தேர்வு வெறும் அகராதியாற் செய்யத்தக்கதன்று.

இனி, இடத்தை விட்டு நிலைமையைக் கூறும் தொடர்களுக்கு வருவோம். ஆங்கிலேயன் 'ஐ ஆம் இன் டவுட்' என்பான்; நாம் 'எனக்கு ஐயமாக இருக்கிறது' என்போம். அவன் 'ஹீ இஸ் இன் டெட்' என்பான். நாம் 'அவனுக்குக் கடன் இருக்கிறது' என்போம். ஆங்கிலத்தில் ஐயமும் கடனும் வீடு போல்வன; மனிதன் அவற்றினுள்ளே இருக்கின்றான். தமிழில் அவை விருந்தினர் போல்வன. மனிதனிடம் வந்து சேர்கின்றன. ஆதலின் மனிதனை நான்காம் வேற்றுமையில் நிறுத்துகின்றோம். இவ்வேறுபாட்டைக் கொண்டு இரு மக்களின் உள்ளத்தியல்பையே அளந்துவிடலாம் என்று துணிவது மிகையாகும். 'கடனில் மூழ்கினான்' என்று நாமும் சொல்லுகின்றோமன்றோ? ஆயினும் மொழிபெயர்ப்போன் இதனை மறப்பின், அவன் தமிழ் ஆங்கிலச் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும்.

'ஆவ்' என்பதன் செயல் இன்னும் வியப்புடையது. 'தி ஹவுஸ் ஆவ் தி கிங்' என்னுங்கால் அதனை அடுத்து நிற்கும் அரசன் உடையவன், வீடு உடைமை. இதனை ஆறாம் வேற்றுமையெனப் பள்ளியிற் கற்கின்றோம். ஆனால் 'தி புக் இஸ் ஆவ் யூஸ்' என்னும் வாக்கியத்தில் நிலைமை தலைகீழாகின்றது. அங்கே நூலே உடையது. 'ஆவ்' என்பதை அடுத்து நிற்கும் பயன் உடைமை. 'நூல் பயனினுடையது' என்று ஒருவன் எழுதினால் நகைப்பிற்கிடமாம். 'நூல் பயனுடையது' என்பதே பொருள். கற்ற விதியைக் கண்மூடிப் பின்பற்றுவோனை இச்சிறு சொல் இவ்வாறு ஏமாற்றிவிடுகின்றது.

சிலவிடத்து முன்னிடைச்சொல் வினையின் தொழிலையே மேற்கொள்ளுகின்றது. நம் சொற்போர் மன்றங்களில் ஒருவர் எழுந்து, 'ஐ ஆம் ஃபார் தி மோஷன்' என்கின்றார். 'தீர்மானத்தை ஆதரிக்கின்றேன்' என்பது கருத்து. 'ஹீ இஸ் ஆஃப்டர் மணி' என்றால் 'பணத்தை நாடித் திரிகின்றான்' என்றாகும். 'இட் இஸ் பியாண்ட் மீ' என்றால் 'அஃது என் அறிவிற்கு எட்டவில்லை' என்பதாம். ஆதரித்தல், நாடுதல், எட்டாமை என்னும் வினைகளெல்லாம் ஆங்கிலத்தில் எங்கே? 'ஆம்', 'இஸ்' என்பவற்றுள் இல்லை. ஃபார், ஆஃப்டர், பியாண்ட் என்னும் சிறு சொற்களுள் அடங்கிக் கிடக்கின்றன.

இவற்றினும் நுட்பமானது 'தி' என்னும் ஓரசைச் சொல்லின் வரவும் மறைவும். 'ஹீ இஸ் இன் பிரிஸன்' என்றால் அவன் தண்டனைக் கைதியாகவோ விசாரணைக் கைதியாகவோ இருப்பவன். 'ஹீ இஸ் இன் தி பிரிஸன்' என்றால் சிறைச்சாலைக் கட்டிடத்தினுள் இருக்கின்றான் என்னும் அளவே. கைதிகளுக்கு ஆறுதல் கூறச் சென்ற போதகராகவும் இருக்கலாம். அவ்வாறே, ஒரு மாணவன் விடுதிக் காப்பாளரின் பொறுப்பில் இருக்கின்றான் எனக் கூறவேண்டின் 'இன் தி சார்ஜ் ஆவ் தி வார்டன்' என்றல் வேண்டும். 'தி' என்பதை விட்டு 'இன் சார்ஜ் ஆவ் தி வார்டன்' என்று எழுதிவிட்டால், இக்கால வழக்கில், காப்பாளரையே அம்மாணவன் காத்து வருகின்றான் என்றாகிவிடும்! புறப்பட்டு வந்துகொண்டிருக்கும் ஒருவர் 'ஐ ஆம் ஆன் தி வே' என்னாது 'ஐ ஆம் இன் தி வே' எனச் செய்தி விடுத்தால், 'யான் இடையூறாக இருக்கின்றேன்' என்று தம்மைத் தாமே பழித்துக்கொண்டவராவார்.

இத்தொடர்களுக்கு இலக்கணத்தில் யாது பெயரிடுவது என்பதில் ஆங்கில நூலாரே ஒத்த கருத்தினரல்லர். 1985ஆம் ஆண்டில் குவர்க் முதலியோர் வெளியிட்ட பேரிலக்கணம், இடங்குறிக்கும் இத்தொடரை வினையடையின்பாற் படுத்தி, விலக்கவொண்ணாத அடையென்றது. 2002ஆம் ஆண்டில் ஹடில்ஸ்டனும் புல்லமும் முதன்மையாசிரியராய் நின்று வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணமோ இதனை வினையை நிரப்பும் உறுப்பாகவே கொண்டது. பெயர் யாதாயினும் ஓருண்மையில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. 'ஹீ இஸ்' என்று நிறுத்தினால் வாக்கியம் கேட்போர்க்கு நிறைவு தருவதில்லை. பின்வருந் தொடரே அதற்கு உயிர்.

அவ்வுயிரின் அருமையை யாம் வகுப்பறையிலன்றி மருத்துவமனையொன்றின் தாழ்வாரத்தில் உணர்ந்தோம். எம் நண்பர் ஒருவர் கடுநோயுற்றுக் கிடந்தார். அவருடைய முதிய அன்னையாருடன் இரவு முழுதும் காத்திருந்தோம். விடியற்காலையில் மருத்துவர் வெளிப்போந்து, எம்மை நோக்கி, 'ஹீ இஸ் அவுட் ஆவ் டேஞ்சர்' என்று கூறி விரைந்து சென்றார். அன்னையார் ஆங்கிலம் அறியார். "தம்பி, டாக்டர் என்ன சொன்னார்?" என்று எம் கையைப் பற்றிக்கொண்டார். 'அபாயத்திற்கு வெளியே இருக்கிறார்' என்றா அத்தாய்க்கு மறுமொழி சொல்வது? "பிழைத்துக்கொண்டான், அம்மா" என்றோம். அவர் அப்படியே தரையில் அமர்ந்து அழுதார். மருத்துவர் கூறியவற்றுள் ஒரு சொல்லேனும் எம் விடையில் நேரே இல்லை. ஆயினும் அவர் கூறியது முழுதும் அதனுள் இருந்தது.

ஆதலின் இளமாணவர்க்கு யாம் கூற விரும்புவது இதுவே. 'இன்' என்றால் 'இல்', 'ஆவ்' என்றால் 'உடைய' எனப் பட்டியல் எழுதி மனப்பாடம் செய்வதோடு நில்லாதீர்கள். 'இஸ்' என்பதன் பின் வருந் தொடரைப் பிரிக்காது முழுமையாகக் கொள்ளுங்கள். 'தி' உண்டா இல்லையா என்பதையும் உடன் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அந்நிலையில் உள்ள ஒருவரைக் குறித்து நும் வீட்டார் யாது சொல்வர் என்று உள்ளத்துள் வினவுங்கள். விடை உருபாகவும் வரலாம், பெயராகவும் வரலாம், வினையாகவும் வரலாம். எவ்வுருவில் வரினும் அதுவே நேரிய மொழிபெயர்ப்பு. இவ்வாறு பயில்வோர்க்கு ஆங்கிலமும் தெளிவுறும். தாய்மொழியின் வளமும் புதிதாகப் புலப்படும்.