ஓட்டை இல்லாத கத்தரிக்காய்

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் தக்காளி 14 கிலோ பெட்டிக் கணக்கில்தான் கைமாறுகிறது. மண்டிக்காரர் பெட்டியின் மேலடுக்கைப் பார்ப்பதே இல்லை. கையை அடிவரை விட்டு இரண்டு பழத்தை உருவுகிறார். கட்டைவிரலால் ஓர் அழுத்து, உடனே விலை சொல்லிவிடுகிறார். நன்றாகச் சிவந்திருந்த பெட்டியைவிட, பாதி பச்சையாக இருந்த பெட்டிக்கு அதிக விலை சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“பழுத்ததை இன்னிக்கே வித்தாகணும் தம்பி. இந்தச் செங்காய் ராத்திரி லாரி ஏறி, காலையில கேரளாவுல இறங்கி, ரெண்டு நாள் கடையில உக்காரணும்.”

இங்கு வரும் காயில் பெரும்பங்கு கேரளத்துக்குத்தான் போகிறது. எனவே நசுங்காமல் போய்ச் சேருவதுதான் அவருக்குத் தரம்.

பெட்டியைக் கொண்டுவந்த விவசாயியின் கணக்கு வேறு. செடி இலைச்சுருட்டை நோயைத் தாங்குமா, எத்தனை பறிப்பு தரும், எடை நிற்குமா என்று பார்த்து விதை வாங்குகிறார். தோல் தடித்த வீரிய ஒட்டு ரகத்தைத்தான் பயிரிட்டிருக்கிறார். வீட்டுக்கென்று மட்டும் வாய்க்கால் ஓரம் நாலு நாட்டுத் தக்காளிச் செடி வைத்திருக்கிறார். “ரசத்துக்கு அதுதான் சார். ஆனா தோல் மெல்லிசு, மார்க்கெட் வர்றதுக்குள்ள பாதி ஒடஞ்சிரும்” என்றார்.

காய் மார்க்கெட்டுக்கு வருவதற்கு முன்பே தோட்டத்தில் ஒரு தீர்ப்பு நடந்துவிடுகிறது. வேப்ப மர நிழலில் பெண்கள் கத்தரிக்காயைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு ஒரு பக்கம் ஓட, கைகள் தாமாகவே நல்லது, பொடி, சொத்தை என்று மூன்று குவியல் போட்டன. வேலை முடிந்ததும் சொத்தைக் குவியலில் ஆளுக்குக் கொஞ்சம் முந்தானையில் கட்டிக்கொண்டார்கள். “புழு இருக்கிற பக்கத்தை அரிஞ்சு போட்டுட்டா கொழம்புக்கு என்ன கொறைச்சல்?” என்றார் ஓர் அக்கா.

மறுநாள் காலை திண்டுக்கல்லில் காய் வாங்க வந்த பெண்கள் ஒவ்வொரு கத்தரிக்காயையும் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் தள்ளினார்கள். காய்த்துளைப்பான் புழு பிஞ்சிலேயே நுழைந்துவிடுகிறது. காய் வளர வளர நுழைந்த தடம் மூடிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியும் பெரிய ஓட்டை, தின்று முடித்த புழு வெளியேறிய வழி. ஆகவே ஓட்டை இல்லாத காய்க்குள்ளும் புழு இருக்கலாம். ஆனாலும் அந்த ஓட்டைக்குப் பயந்துதான் விவசாயி மறுபடி மறுபடி மருந்தடிக்கிறார். நாம் பளபளப்பு கேட்கிறோம், அவர் அதை மருந்தால் கொடுக்கிறார்.

இடைத்தரகர் இல்லாமல் விற்கட்டும் என்று 1999-இல் மதுரையில் தொடங்கியது உழவர் சந்தை. அங்கே விவசாயியும் வாங்குபவரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். அங்கும் பளபளப்பையே தேடினால், மண்டியின் கண்ணை நாமே கொண்டுபோனதாகத்தான் அர்த்தம்.

இன்றைய காய் விலையில் ருசிக்கென்று தனியாக ஒரு பைசா கிடையாது. அதைச் சேர்க்க வாங்குகிறவரால்தான் முடியும். அடுத்த முறை உழவர் சந்தைக்குப் போனால், எப்போது பறித்தது, கடைசியாக எப்போது மருந்தடித்தது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால், கோணல் காயையும் பேரம் பேசாமல் வாங்குங்கள்.