ஒரு பீச் மரமும் பனி இரவும்

கொச்சி தேவராவில் ஜனவரி இரவிலும் மின்விசிறி சுழல்கிறது. அதன் கீழே படுத்திருக்கும் அந்த வங்கி ஊழியருக்குத் தூக்கம் வரவில்லை. சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, மூணாறு எஸ்டேட் லயத்தில் தனியாக இருக்கும் அம்மாவை போனில் கூப்பிடுகிறார். "வானம் எப்படிம்மா இருக்கு?"

"நட்சத்திரமா கிடக்குப்பா. காத்தும் இல்ல."

கெட்ட செய்திதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையின் சூடு மேலே தப்பிவிடும். குளிர்காற்று பள்ளத்தில் தேங்கும். லயம் இருப்பதோ பள்ளத்தில். 2019 ஜனவரியில் மூணாறில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கித் தேயிலை ஏக்கர் கணக்கில் கருகியது. அப்பா நட்டு, கவாத்து செய்து ஆளுயரத்தில் நிறுத்திய கொல்லைப்புற பீச் மரமும் அந்த வருடம் காய்க்கவில்லை. மொட்டு ஓரளவு குளிர் தாங்கும். விரிந்த பூ தாங்காது.

இப்போது பக்குவம் தெரியும். பகலிலேயே வேரடி மண்ணை நனைக்க வேண்டும். ஈரமண் வெயிலின் சூட்டைக் கூடுதலாகப் பிடித்து வைக்கும். சுற்றிக் கம்பு நட்டு, பூவில் படாமல் சாக்குகளைத் தரைவரை தொங்கவிட வேண்டும். அடிமரத்துக்கு மட்டும் சாக்கு சுற்றுவது (பலர் செய்வது அதைத்தான்) வீண். சூடு வருவது மண்ணிலிருந்து. வெயில் ஏறியதும் எடுத்துவிட வேண்டும்.

"உன் கல்யாண ஜமுக்காளத்தையும் போட்டுட்டேன்" என்கிறார் அம்மா.

மார்ச்சில் அவருக்கு ஓய்வு. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்தாக வேண்டும். பழம் பழுப்பது மே மாதம். மகன் அதை மெல்ல நினைவூட்டுகிறார்.

"யாராச்சும் திம்பாங்க. போனை வைப்பா, ஒரு சாக்கு நழுவிடுச்சு."